மருந்துச் சீட்டில் உறக்கத்துக்கும் இடம் வேண்டும்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறோடு வாழ்கிறவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும், செவிலியர்களும், மருத்துவர்கள் சிலரும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கொள்கை இதுதான்: இந்த நோய்க்கு எடை, மது, உறக்கம், ரத்த அழுத்தம் இவற்றைக் கவனிப்பதும் சிகிச்சையே. சிகிச்சை என்று ஒப்புக்கொண்டால் அதற்கு ஆள் போட வேண்டும், நேரம் ஒதுக்க வேண்டும், பணமும் ஒதுக்க வேண்டும்.

இந்நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குகின்றன. சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு வரும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த அபாயம் ஏறத்தாழ 5 மடங்காகிறது என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-இல் கணக்கிட்டது. கைகால் விழுந்த பிறகு எடுத்த ஈசிஜியில்தான் எங்களில் சிலருடைய வீட்டில் நோயே தெரியவந்தது.

புறநோயாளிப் பிரிவில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். மாத்திரையை எழுதி முடித்து, சீட்டை நீட்டும்போது, "வெயிட்டைக் குறைங்கம்மா" என்பார் டாக்டர். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்திருக்கும். எப்படிக் குறைப்பது, எவ்வளவு, யாரிடம் கேட்பது? பதில் இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனால் குறையவில்லை என்று திட்டு மட்டும் கிடைக்கும். இதை நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரஷாந்தன் சாண்டர்ஸ் குழு 2015-இல் வெளியிட்ட லெகசி ஆய்வு எங்களுக்கு அடித்தளம். பருமனான நோயாளிகளில், எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காத்துக்கொண்டவர்கள், துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு. எடை ஏறி இறங்கி ஆடியவர்களுக்கு அந்தப் பலன் தேய்ந்தது. அங்கே எடைக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருந்தது, நோயாளி திரும்பத் திரும்ப வந்து போனார் என்பதைத்தான் நம் ஊரில் யாரும் சொல்வதில்லை.

மதுவுக்கு வருவோம். மெல்பர்னில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குடிக்கும் பழக்கமுள்ள 140 நோயாளிகளில் ஒரு பாதியினரைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 53 சதவீதத்தினருக்குக் கோளாறு திரும்பியது; தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு. அரசே கடை திறந்து மது விற்கும் மாநிலத்தில் இதை இதய மருத்துவர்கள் மட்டும் சொன்னால் போதாது. ஆட்சியாளர்களும் கேட்க வேண்டும். காபியின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். அமெரிக்காவில் 2023-இல் வெளியான கிரேவ் ஆய்வில், காபி குடித்த நாட்களில் மேலறையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் கூடவில்லை. ஃபில்டர் காபி பிழைத்துப் போகட்டும்.

குறட்டையும் நோயின் கூட்டாளிதான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்போது நெஞ்சுக்கூட்டின் அழுத்தம் மாறி மேலறை இழுபடுகிறது, ஆக்சிஜன் குறைகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு இது தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லா நோயாளியையும் எடை எந்திரத்தில் ஏற்றிக் குற்றவாளியாக்கவும் விடமாட்டோம். நம் மண்ணில் பலருக்கு இது சிறுவயதுத் தொண்டைப் புண்ணில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். வால்வு சுருங்கி, மேலறை வீங்கி வந்தது. இவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரையான ரிவாராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே மேல் என்று 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையையே தொடக்கூடாது என்று வீட்டில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம்; வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டால் போதும். இதைப் பொறுமையாகச் சொல்ல ஒரு செவிலியர் இல்லாத இடத்தில் என்ன நவீன சிகிச்சை?

நவீனத்துக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. கோளாறைக் கிளப்பும் தவறான மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் பிறக்கின்றன என்று பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழு 1998-இல் காட்டியதிலிருந்து, கோளாறான திசுவைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் சிகிச்சை வளர்ந்தது. சூட்டுக்குப் பதில் மின்துடிப்புகளால் திசுவை அழிக்கும் முறைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. உணவுக்குழாய்க்கு ஆபத்து இதில் குறைவு. வரட்டும், ஏழைக்கும் எட்டட்டும். ஆனால் எடையையும் அழுத்தத்தையும் அப்படியே விட்டுவிட்டு அப்லேஷன் செய்தால், கோளாறு திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே கோருகிறோம்: தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வருகிறது. அதே ஊழியர், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியும் பார்க்கட்டும். சீரில்லை என்றால் அன்றே ஈசிஜிக்கு அனுப்பட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எடைக்கும் உறக்கத்துக்கும் மது மீட்புக்கும் சேர்த்து ஒரு பிரிவு வேண்டும். காப்பீடு அப்லேஷன் கத்தீட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்கட்டும்.

சந்தா கிடையாது. மருந்துக் கம்பெனி நன்கொடை வாங்கமாட்டோம். முதல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பழைய ஈசிஜிகளைக் கொண்டு வாருங்கள். விட்டுவிட்டு வரும் நோய்க்கு, வந்தபோது எடுத்த அந்தத் தாள்தான் சாட்சி. அந்தத் தாளில் கோடுகள் நாளாக நாளாக மங்கிவிடும். வரும் வழியில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.