திரும்பும் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

டிசம்பரில் அந்தமானின் போர்ட்பிளேரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. அதே நாளில் மயிலாப்பூர் மாடவீதியில் இன்னும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் இருக்கும். கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒரே மணியைத்தான் காட்டும், ஏனென்றால் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். ஆனால் சென்னை 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. போர்ட்பிளேர் ஏறக்குறைய 92.7 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஐம்பது நிமிடம் வித்தியாசம். காலையிலும் அப்படித்தான். மே மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும்.

குழந்தைகளோடு அந்தமான் போக நினைக்கும் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நாங்கள் தெரியாமல் போனோம். கையிலிருந்த பயணத் திட்டத்தில் "மாலை 4.30 – ராதாநகர் கடற்கரை" என்று அச்சிட்டிருந்தது. சென்னைக் கணக்கில் அது சரியான நேரம். வெயில் தாழ்ந்து, எலியட்ஸ் கடற்கரைக்குக் கிளம்பும் நேரம். ராதாநகர் போய்ச் சேர்ந்து, மகளின் செருப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் வாளியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அவள் இரண்டு கை மணல் அள்ளியிருப்பாள். அதற்குள் விசில் ஊதி எல்லாரையும் தண்ணீரிலிருந்து கரையேறச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதமாகக் காத்திருந்த ஆறு வயதுக் குழந்தைக்கு "இருட்டிப்போச்சும்மா, நாளைக்கு வரலாம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. திட்டத்தில் மறுநாள் வேறு தீவு.

தி.நகரிலும் அடையாறிலும் பயண நிறுவனங்கள் விற்கிற "ஐந்து இரவு, ஆறு பகல்" திட்டங்கள் பெரும்பாலும் பெரியவர்களை, அதுவும் புதுமணத் தம்பதிகளை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. ஆறு நாளில் மூன்று தீவு, ஏழெட்டு இடம். காகிதத்தில் பார்த்தால் கொடுத்த காசுக்கு நிறையக் கிடைப்பதுபோல் தெரியும். குழந்தைக்கோ ஒரே கடற்கரையில் மூன்று காலை போதும். இடங்களின் எண்ணிக்கையை வைத்துப் பயணத்தை எடைபோடும் பழக்கத்தை, பிள்ளைகள் வளரும்வரையாவது நாம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

எங்கே போவது என்ற கேள்வியையும் முதலில் முடித்துவிடலாம். இப்போது பல வீடுகளில் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவா பற்றிய பேச்சு கேட்கிறது. அழகான இடம், அங்குள்ள சுராவுமி மீன் காட்சியகத்தில் திமிங்கலச் சுறாக்கள் நீந்துவதைப் பிள்ளைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஆனால் நம் பள்ளி விடுமுறையும் அந்தத் தீவின் பருவமும் ஒத்துப்போவதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்கே பெரிய விடுமுறை. விடுதிகள் நிரம்பி, விலை ஏறியிருக்கும். மே இரண்டாவது வாரத்தை ஒட்டி அங்கே மழைக்காலம் தொடங்கி ஜூன் மூன்றாவது வாரம் வரை நீடிக்கும். அதன்பின் சூறாவளிக் காலம். விசா, மாறிச் செல்லும் விமானம், செலவு எல்லாம் இதற்கு மேல். வயது வந்த பிள்ளைகளோடு ஒருநாள் போகலாம். சின்னக் குழந்தைகளுக்குத் தீவைக் காட்ட வேண்டுமென்றால், மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே பறந்தால் வந்துவிடும் அந்தமான்தான் நமக்குத் தோது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் ஏறக்குறைய மூன்று நாள் நடுக்கடலில் குழந்தைகளைச் சமாளிக்க வேண்டும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தமானுக்கும் பருவம் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே 20-ஐ ஒட்டித் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவது அந்தமான் கடலைத்தான். ஆகவே கோடை விடுமுறை என்றால் ஏப்ரல் கடைசி, மே முதல் பத்து நாள். அதைத் தாண்டித் தள்ளிப்போடுவது மழையோடு சீட்டாடுவது. புழுக்கம் இருக்கும், ஆனால் சென்னை மே மாதத்தில் வாழ்கிறவர்களுக்கு அது புதிதல்ல. பொங்கல் விடுமுறை எல்லாவற்றிலும் நல்லது. விமானக் கட்டணம் அதற்கேற்ப ஏறும். அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் வடகிழக்குப் பருவத்தின் வால் இன்னும் வங்கக் கடலில் ஆடிக்கொண்டிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வருகிறது. அந்தமான் பயணத்தை முன்னாலிருந்து போடாதீர்கள், பின்னாலிருந்து போடுங்கள். முதலில் திரும்பும் விமானத்தின் தேதியை எழுதுங்கள். அதற்கு முந்தைய இரவு போர்ட்பிளேரில் தங்குவதாக எழுதுங்கள். அதன் பிறகுதான் மற்றவை.

காரணம் எளிது. விமானம் இறங்குவது போர்ட்பிளேரில். எல்லாரும் போக விரும்பும் கடற்கரைகள் இருப்பதோ ஹேவ்லாக், நீல் தீவுகளில். நடுவில் கடல். அரசுப் படகோ தனியார் விரைவுப் படகோ, ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். காற்று பலத்தால் துறைமுக அதிகாரிகள் படகை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் செய்வது சரி. ஆனால் அன்று மதியம் உங்களுக்கு விமானம் இருந்தால், டிக்கெட் பணமும் போய், குழந்தைகளோடு படகுத்துறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2016 டிசம்பரில் புயல்சின்னம் வந்தபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்துவந்தன. எப்போதோ நடப்பது என்றாலும், ஒருநாள் படகு ரத்தாவது எப்போதும் நடக்கக்கூடியது. கடைசி இரவு போர்ட்பிளேரில் என்றால் அந்த ஒருநாளை உங்கள் திட்டம் தாங்கும்.

ஆறு நாள் கையில் இருந்தால் நான் இப்படிப் போடுவேன். காலை விமானத்தில் போய் இறங்கி, முதல் இரவு போர்ட்பிளேரில். மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக். அங்கே மூன்று இரவு. பிறகு திரும்பி வந்து கடைசி இரவு மீண்டும் போர்ட்பிளேரில். நீல் தீவை விட்டுவிடுவேன். விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் படகு டிக்கெட் உறுதியாக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் நீல நிற பால் ஆதாரையோ பிறப்புச் சான்றிதழையோ அசலாகக் கையில் வைத்திருங்கள்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், முன்பதிவு செய்யும்போது பலரைத் திகைக்க வைப்பது இதுதான். 2018 டிசம்பர் இறுதியில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட்பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இடம் ஒன்றுதான்.

ஹேவ்லாக்கில் ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்? ஐந்தரைக்குப் பிள்ளைகள் தாமாகவே எழுந்துவிடுவார்கள், வெளிச்சம் எழுப்பிவிடும். ஆறரைக்குள் கடற்கரை. ஒன்பதரைக்குள் திரும்பி விடுதி. பன்னிரண்டுக்கு முன்பே சாப்பாடு, பிறகு தூக்கம். மூன்று மணிக்கு மறுபடி தண்ணீர், நான்கரைக்குக் கரை. எட்டு மணிக்கு வீடே அடங்கிவிடும். சூரியனின் மணிக்கு நாம் மாறிக்கொண்டால் குழந்தைகள் சிணுங்குவது பாதி குறையும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் முழங்காலுக்கு மேல் போகாதே என்று சொல்லிச்சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு, அடிமணல் தெரியும் தெளிந்த கடல் பெரிய அதிசயம். அந்தத் தெளிவே ஏமாற்றும். ஓதம் இறங்கும்போது பவளப்பாறை வெளியே தெரியும். அதில் கால் உரசினால் கத்தியில் கீறியதுபோல் இருக்கும், ஆறுவதற்கும் நாளாகும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பாண்டிபஜாரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். ஓதம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை விடுதியில் கேட்டால் சொல்வார்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில் ராதாநகரை ஒட்டிய பகுதியில் நீந்திய வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் சேரும் இடத்திலும், அந்தி நேரத்திலும் பிள்ளைகளை இறக்கவே கூடாது. காவலர் இருக்கும் கடற்கரை, பட்டப்பகல்: இந்த இரண்டும் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

கரையில் கிடக்கும் வெள்ளைப் பவளத் துண்டு விரல் நீளம் இருக்கும், சுட்ட சுண்ணாம்புபோல இலேசு. குழந்தை அதை எடுத்து டவுசர் பையில் போடாமல் இருக்காது. செத்த பவளமானாலும் அதைக் கொண்டுவருவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். அங்கே போய் அழவைப்பதைவிட, முதல் நாளே மணலில் உட்கார்ந்து, இது ஒரு உயிர் கட்டிய வீடு, இதில் வேறு ஏதாவது வந்து குடியிருக்கும் என்று சொல்லிவிடலாம். குழந்தைகளுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது.

திட்டத் தாள்களில் தவறாமல் இருக்கும் இன்னொன்று பாராதாங். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை என்று போட்டிருப்பார்கள். சாலை வழியாகப் போவதென்றால் விடியலுக்கு வெகுமுன்பே குழந்தைகளை எழுப்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, காவல் வண்டியோடு கூட்டமாகக் காட்டைக் கடக்க வேண்டும். அந்தக் காடு ஜாரவா பழங்குடி மக்களின் வீடு. 1956-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி அது. 2002-இல் உச்ச நீதிமன்றமே அந்தச் சாலையைக் காட்டுக்குள் மூடச் சொன்னது. வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் நீட்டுவதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "ஜாரவா தெரியுதா பார்" என்று ஜன்னல் பக்கம் பிள்ளையைத் திருப்பி உட்கார வைப்பது, மனிதர்களை வண்டலூர் உயிரியல் பூங்காவில் பார்ப்பதுபோல் பார்க்கக் கற்றுக்கொடுப்பதாகும். பாராதாங்கை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில் போர்ட்பிளேரில் கிடைக்கும் அரைநாளில் செல்லுலார் சிறைக்குப் போகலாம். 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த அந்தச் சிறைக்கு ஏழு கைகள் இருந்தன, இன்று எஞ்சியவை மூன்று. ஒரு கையின் அறைக்கதவுகள் அடுத்த கையின் முதுகைத்தான் பார்க்கும். கைதி எதிர்ப்பக்கத்துக் கைதியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாதபடி கட்டினார்கள். பத்து வயதுப் பிள்ளையை ஒரு அறைக்குள் ஒரு நிமிடம் நிற்க விட்டாலே போதும், பாடப்புத்தகம் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லும். சின்னப் பிள்ளைகளுக்கு ராஸ் தீவு: இடிந்த கட்டடங்களை விழுங்கிய ஆலமர வேர்களும் பக்கத்திலேயே வந்து நிற்கும் மான்களும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். போர்ட்பிளேரில் தமிழர் நிறைய, தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ஹேவ்லாக்குக்குப் பருப்புப்பொடி எடுத்துப்போங்கள். மருந்துதான் முக்கியம். தீவுகளில் பெரிய மருத்துவமனை இல்லை, அதற்குப் போர்ட்பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கடல் கடந்துதான் வர வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இழுப்பு, படகுக் குமட்டல் ஆகியவற்றுக்கான மருந்தை உங்கள் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கி, கைப்பையிலேயே வையுங்கள்.

கடைசியாக, படகு. 2014 ஜனவரி 26 அன்று போர்ட்பிளேர் அருகே சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். 25 பேருக்கு அனுமதியுள்ள படகில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நம்மைப் போலவே பணம் சேர்த்து, நாள் பார்த்து, விடுமுறைக்குக் கிளம்பியவர்கள். ஆகவே ராஸ் தீவுக்கோ நார்த் பேவுக்கோ சின்னப் படகில் ஏறுமுன் மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கிறதா, ஏறியிருப்பவர்கள் அதற்குள் இருக்கிறார்களா, உங்கள் குழந்தையின் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா. பெரியவர்கள் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்கள் பிள்ளைக்கானது அல்ல. படகுக்காரர் அவசரப்படுத்தினாலும், கூட வந்தவர்கள் முகம் சுளித்தாலும், குழந்தையை இறக்கிக்கொண்டு அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.