ஸிந்தஸைஸரும் லாக்கர் அறையும்

கல்லூரியில் என்னோடு படித்தவன், இப்போது கலிபோர்னியாவில் இருப்பவன், தன் வீட்டுச் சுவரின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். படத்தில் சுவர் தெரியவில்லை. தரையிலிருந்து தலை உயரத்துக்கு அலுமினியப் பலகைகள், திருகுகுமிழ்கள், கண் சிமிட்டும் சின்ன விளக்குகள், நாலைந்து நிறத்தில் தொங்கும் வயர்கள். மாடுலர் ஸிந்தஸைஸர். 'இன்னும் ரெண்டு மாட்யூல் வந்துட்டா முடிஞ்சுடும்டா' என்று எழுதியிருந்தான். எது முடியும் என்று எழுதவில்லை. ஆறு வருஷமாக இதே வாக்கியத்தைத்தான் எழுதுகிறான். இந்த ஆறு வருஷத்தில் அவன் இசைத்து நான் கேட்டது ஒன்றே ஒன்று, நாற்பது விநாடி. புதிதாக வாங்கிய ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக அனுப்பியது.

அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவன் ஒரு கூட்டத்தின் பிரதிநிதி. பழைய மூக், பழைய ஏ.ஆர்.பி., பழைய ரோலண்ட் என்று தேடித் தேடி வாங்குகிறவர்களும், புதிய மாட்யூல்களைச் சுவர் சுவராக அடுக்குகிறவர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். தங்கள் பழக்கத்துக்கு 'கியர் அக்விஸிஷன் ஸிண்ட்ரோம்' என்று வியாதிப் பெயரையும் அவர்களே வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வியாதி என்று தானே சொல்லிக்கொண்டுவிட்டால் வேறு யாரும் சொல்ல முடியாது என்ற சாமர்த்தியம். என் கட்சி இதுதான்: இந்தக் கருவி எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரியத்தை அதன் பக்தர்களே அடக்கம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எதற்காகப் பிறந்தது? 1960களின் ஆரம்பத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் மார்ட்டன் ஸபாட்னிக்கும் ராமோன் ஸெண்டரும் டேப் ம்யூஸிக் செண்டர் என்று ஒன்றை நடத்திவந்தார்கள். டேப்பை பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டி இசையமைத்துக் கை சலித்தவர்கள். டான் புக்லா என்பவரிடம் தங்களுக்கு வேண்டியதைச் சொன்னார்கள். ராக்பெல்லர் பவுண்டேஷன் பணத்திலிருந்து 500 டாலர் கொடுத்தார்கள். அப்படி வந்தவை புக்லாவின் முதல் மாட்யூல்கள். விஷயம் எளிமையானது. ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒரு பெட்டி, அது எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்க ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து வரும் மின்னழுத்தம் இன்னொன்றை ஆட்டிவைக்கும். எது எதை ஆட்டிவைப்பது என்பதை வயரைச் செருகி மனிதன் முடிவு செய்கிறான். வயரைப் பிடுங்கினால் அந்த ஒலி செத்தது. திரும்ப வேண்டுமென்றால் காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், அப்போதும் அதே ஒலி வருமென்ற உத்தரவாதமில்லை.

புக்லா செய்த பெரிய காரியம் பியானோக் கட்டைகளை வைக்க மறுத்தது. கட்டை இருந்தால் விரல் பழைய இடத்துக்கே போகும். விரல் போகிற இடத்துக்கு மனசும் போகும். அவர் தொட்டால் உணரும் தகடுகளை வைத்தார். 1967இல் ஸபாட்னிக் அந்தக் கருவியில் செய்த 'ஸில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்' கச்சேரி மேடைக்காக அல்லாமல் இசைத்தட்டுக்கென்றே ஒரு கம்பெனி கேட்டு வாங்கிய படைப்பு. நாட்டின் இன்னொரு கோடியில், நியூயார்க் மாநிலத்தில், ராபர்ட் மூக் 1964இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசைக்காரரோடு சேர்ந்து ஏறக்குறைய இதே பாதையில் வந்துகொண்டிருந்தார். ஆனால் அவர் கட்டைகளை ஏற்றுக்கொண்டார். 1968இல் வெண்டி கார்லோஸ் அந்த மூக்கில் பாக்கின் இசையை ஒரு சமயத்துக்கு ஒரு ஸ்வரமாகப் பதிந்து அடுக்கி 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' என்று வெளியிட்டதும் விவகாரம் தீர்ந்துபோயிற்று. கார்லோஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரன் அதிலிருந்து கற்ற பாடம் வேறு. ஜனங்களுக்குத் தெரிந்த ராகத்தைத் தெரியாத குரலில் பாடினால் போதும் என்று அவன் புரிந்துகொண்டான். 1970இல் மினிமூக் வந்தபோது செருக வேண்டிய வயர்களே இல்லை.

1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் சிறிய, விலை குறைந்த மாட்யூல்களைக் கொண்டுவந்தார். வயர்கள் திரும்பி வந்தன. நியாயமான முயற்சி. அதே அளவில் இன்று ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் விற்கின்றன. புக்லாவின் மறுப்பு இப்போது ஒரு அலமாரி அளவாகிவிட்டது. எத்தனை அங்குலம் காலி என்று பார்த்து வாங்குகிறார்கள்.

பழைய கருவிக்காரர்களின் வாதம் ஒன்று உண்டு. பழைய ஆஸிலேட்டர் சூட்டில் சுருதி நகரும், அந்த நகர்தலில்தான் உயிர் இருக்கிறது என்பார்கள். அந்த நகர்தலோடு மேடையில் அவதிப்பட்டவர்களைக் கேட்க வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சுருதி சேர்த்துச் சேர்த்து அலுத்தவர்கள் அவர்கள். செய்தவர் ஒழிக்கப் பாடுபட்ட குறையை ஐம்பது வருஷம் கழித்துக் கும்பிடுவதற்குப் பெயர் ரசனை இல்லை. கப்பாஸிட்டர் காய்ந்துபோனதால் வரும் இரைச்சலைக்கூட 'குணம்' என்கிறார்கள்.

நான் பாங்கில் வேலை பார்க்கிறவன். லாக்கர் அறைக்கு வருகிறவர்களைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். ரிஜிஸ்தரில் கையெழுத்து, இரண்டு சாவி, பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்து, எண்ணி, மூடிவிட்டுப் போகிறார்கள். நகையாவது கல்யாணத்துக்கு வெளியே வரும்.

ரோலண்ட் டி.பி.-303இன் கதை இந்த இடத்தில் முக்கியம். தனியாக கிதார் வாசிக்கிறவனுக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த பெட்டி. அந்த வேலையை அது உருப்படியாகச் செய்யவில்லை. 1984க்குள் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தது. சிகாகோவில் சில கறுப்பின இளைஞர்கள் கையில் ஒன்று கிடைத்தது. அவர்கள் அதைச் 'சரியாக' இயக்கவில்லை, குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். 1987இல் ஃப்யூச்சர் என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட 'ஆஸிட் டிராக்ஸ்' ஒரு புதிய இசை வகைக்கே பெயர் கொடுத்தது. யாருக்கும் வேண்டாத பொருளாக இருந்ததால்தான் அது அந்தக் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அந்தப் பெட்டி புதிதாக விற்ற விலையைப்போலப் பல மடங்கு. அதே இளைஞன் இன்று பிறந்தால் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். மலிவான நகல்கள் வருகின்றனவே என்றால், நம் சேகரிப்பாளர் முகத்தைச் சுளிக்கிறார். நகல் அசல் ஆகாதாம். அந்த இளைஞர்களுக்கு அசல் என்பதைப் பற்றி ஒரு கவலையும் இருந்திருக்காது.

நம் நாட்டிலும் ஒரு மூக் இருந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் நிறுவிக் கொடுத்தது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலர் 1972வரை அதில் இசை செய்தார்கள். பிறகு மௌனம். பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அந்த டேப்புகளை நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தார். 2023இல் இசைத்தட்டாகவே வந்தது. கேட்டேன். எல்லாமே மகத்தானது என்று சொல்லமாட்டேன், சில வெறும் கைப்பழக்கம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மூக் இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லை. டேப் இருந்தது, போதுமாயிருந்தது.

சேர்ப்பதே குற்றமா என்று கேட்பார்கள். இல்லை. மால்கம் ஸெஸிலும் ராபர்ட் மார்கூலெஃபும் மூக், ஏ.ஆர்.பி. என்று ஒன்றோடொன்று ஒத்துவராத கருவிகளையெல்லாம் இழுத்துக் கட்டி 'டாண்டோ' என்ற ராட்சசனை உண்டாக்கினார்கள். அதுவும் ஒரு சுவர் நிறைய மாட்யூல்தான். ஆனால் அந்தச் சுவரிலிருந்து ஸ்டீவி வொண்டரின் 'டாக்கிங் புக்'கும் 'இன்னர்விஷன்ஸ்'ஸும் வந்தன. ரிப்பேர்க்காரர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. பழைய கருவியைத் தொட்டு உண்மையில் ஏதாவது அனுபவித்தவர் அவர்களில்தான் இருக்கிறார். 2019இல் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய புக்லாவைத் துடைத்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஒருவர், குமிழுக்கு அடியில் படிந்திருந்த எதையோ விரலால் தேய்த்தார். அது அறுபதுகளின் எல்.எஸ்.டி. ஒன்பது மணி நேரம் மயக்கம் இறங்கவில்லை. சேகரிப்பாளர்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்கள்.

இத்தனையும் சொல்ல எனக்குத் துணிவு கொடுத்தவர் எலியான் ராடிக். பிரெஞ்சுக்காரர், 1932இல் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஏ.ஆர்.பி. 2500 ஒன்றை வாங்கினார். அதன் கட்டைகளை அங்கேயே விட்டுவிட்டுக் கருவியை மட்டும் பாரிஸுக்குக் கொண்டுபோனார். இருந்தால் கை அதற்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு கருவியோடு ஏறக்குறைய முப்பது வருஷம். ஒரு குமிழை மயிரிழை திருப்புவார், ஒலி மாறியதா இல்லையா என்று கேட்பவனுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் தீர்வதற்குள் வேறு எங்கோ வந்துவிட்டிருப்பான். 1988லிருந்து 1993வரை செய்த 'த்ரிலோஜி த லா மோர்' மூன்று பாகம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் தடவை கேட்டபோது இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். பொறுமை இல்லாதது அந்த இசைக்கல்ல, எனக்கு என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. 2000த்துக்குப் பிறகு கருவியையும் விட்டுவிட்டு, செல்லோ வாசிக்கிறவர்களோடும் கிளாரினெட் வாசிக்கிறவர்களோடும் உட்கார்ந்து, முப்பது வருஷம் அந்தப் பெட்டியிடம் தேடியதை அவர்களிடம் தேடினார். கருவியை அவ்வளவு தெரிந்தவரால்தான் அதை விட முடிந்தது.

என் அலமாரியில் 'எழுத்து' பைண்டு வால்யூம்கள் இருக்கின்றன. அட்டை கெடாமல் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் காட்டியிருக்கிறேன். நாலு வால்யூம் இன்னும் படிக்கவில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நூறு இருநூறு பேரில் பாதிப் பேர் வீட்டிலும் இதே நிலைமைதான் என்று எனக்குத் தெரியும், போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் கலிபோர்னியாக்காரனைத் திட்டும்போது கொஞ்சம் நாக்கு இடறத்தான் செய்கிறது.

இருந்தாலும் பதில் எழுதினேன். அந்த இரண்டு மாட்யூலை வாங்காதே, இருக்கிறதில் ஒரே ஒரு ஆஸிலேட்டரையும் ஒரு ஃபில்டரையும் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் ஏதாவது பதிந்து அனுப்பு, மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று. ஏழு வாரமாகிறது. போன வாரம் இன்னொரு படம் வந்திருக்கிறது, எதிர்ச்சுவர்.