பொட்டி தட்டுறவனுக்குக் கைரேகை, கராத்தே மாஸ்டருக்குக் கும்பிடு

மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மக்களுக்கு இந்தக் கூத்து நல்லாவே தெரியும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த அடுத்த நாளே ஒரு ஏஜென்சி நம்ம ஜாதகத்தை நோண்ட ஆரம்பிச்சிடும். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட், அரியர் வெச்ச செமஸ்டர் உட்பட அத்தனை காலேஜ் மார்க் ஷீட், பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், மூணு மாச சம்பள சிலிப். அதுவும் பத்தாம வீட்டுக்கு ஒருத்தர் வந்து கதவு நம்பரை போட்டோ எடுத்துட்டு, கீழ்வீட்டு மாமிகிட்ட "இந்தப் பையன் எப்படி?"ன்னு விசாரிச்சிட்டுப் போவார். நாஸ்காம் 2006ல் ஆரம்பிச்ச நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரியில் கைரேகை வேற. இத்தனையும் எதுக்கு? ஏதோ ஒரு தேசத்து பேங்க் வெப்சைட்டில் ஒரு பட்டனை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் நகர்த்துறதுக்கு.

நான் இதைக் குறை சொல்லலை. அடுத்தவன் பணம் இருக்கிற இடத்துக்குள்ள ஒருத்தனை விடுறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட விசாரிக்கிறது நியாயம்தான். என் கடுப்பெல்லாம் வேற. பணத்துக்கு இவ்வளவு விசாரிக்கிற ஊரு, குழந்தைக்கு என்ன விசாரிக்குது?

எங்க ஆபீஸிலிருந்து மாசம் ரெண்டு சனிக்கிழமை ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போறோம். ஆணி புடுங்கின பாவத்துக்குப் பரிகாரம்னு வெச்சுக்குங்களேன். பசங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லித் தருவோம். முதல் நாள் கேட்டில் ஒரு நோட்டு நீட்டினாங்க. பேரு, போன் நம்பர், வண்டி நம்பர். அவ்வளவுதான் சார், உள்ள போங்கன்னுட்டாங்க. ஒரு அடையாள அட்டையைக்கூட யாரும் கேட்கலை. டீ ஷர்ட்டில் கம்பெனி லோகோ இருந்ததே போதுமான சான்றிதழ். அன்னிக்கு சாயங்காலம் நானும் எட்டு வயசுப் பையனும் மட்டும் ஒரு ரூமில் உட்கார்ந்து பின்னக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தோம். கதவு பாதி சாத்தியிருந்தது. நான் யாருன்னு அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சு நிர்வாகிகிட்ட "எங்க எல்லாரையும் போலீஸ் சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க மேடம்"னு சொன்னேன். சிரிச்சாங்க. "உங்களை மாதிரி நல்லவங்களைக் கேட்டா வர்றதையே நிறுத்திடுவாங்க சார்." நல்லவன்னு எப்படி முடிவு பண்ணினீங்க மேடம்னு கேட்க வாய் வரைக்கும் வந்தது. வந்துட்டு உள்ளேயே போயிடுச்சு, பசங்க பாடம் கெட்டுடக் கூடாதேன்னு.

சட்டமே இல்லையான்னா, இருக்கு. போக்சோ விதிகள், 2020 மார்ச் 9 முதல் அமலில் இருக்கு. பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமின்னு குழந்தைகளோட அடிக்கடி புழங்குற எந்த நிறுவனமா இருந்தாலும், ஆசிரியரோ, மத்த ஊழியரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஒவ்வொருத்தருக்கும் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யணும்னு தெளிவா எழுதியிருக்கு. இதைப் படிச்சிட்டு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் திரும்பப் படிச்சா, எல்லாம் ஊழியரைப் பத்தித்தான். சம்பளம் வாங்காம சனிக்கிழமை வர்ற என்னை மாதிரி தன்னார்வலர்னு ஒரு வார்த்தை கிடையாது. புரோகிராம் எழுதுறவன் பாஷையில் சொன்னா, மெயின் கேஸை ஹேண்டில் பண்ணிட்டு எல்ஸ் எழுத மறந்துட்டாங்க.

ஊழியர் விஷயத்திலேயாவது ஒழுங்கா நடக்குதா? உங்க பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுற அண்ணனுக்கும், சாயங்காலம் கராத்தே சொல்லித் தர்ற மாஸ்டருக்கும் இந்தச் சரிபார்ப்பு எப்போ நடந்ததுன்னு கேட்டுப் பாருங்க. "நம்ம கரஸ்பாண்டன்ட்டுக்குத் தெரிஞ்சவர்தான்"ங்கிறதுக்கு மேல ஒரு பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க.

தெரிஞ்சவர், சீருடை போட்டவர், மரியாதையா பேசுறவர். இந்த மூணும் எங்க கொண்டுபோய் விட்டதுன்னு 2024 ஆகஸ்டில் பார்த்தோமே. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம்னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டம் வந்து தங்குச்சு. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. வந்தவங்களுக்கும் என்.சி.சி.க்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ராத்திரி பள்ளி அரங்கத்திலேயே மாணவிகளைப் படுக்க வெச்சாங்க, அங்கே நடந்த கொடுமை அப்புறம்தான் வெளியே வந்தது. பள்ளி நிர்வாகத்துக்கு விஷயம் தெரிஞ்சும் அமுக்கப் பார்த்தாங்கன்னு போலீஸ் பள்ளி முதல்வரையும் கைது பண்ணுச்சு. முகாமுக்கு முந்தின வாரம் என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். பேக்ரவுண்ட் செக்னா ஏதோ பெரிய துப்பறியும் வேலைன்னு நினைக்கிறோம். பாதி நேரம் அது ஒரு போன் காலுக்கு மேல ஒண்ணும் இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே "குருவைச் சந்தேகப்படுறதா"ன்னு கலாசாரக் காவலர்கள் கிளம்பிடுவாங்க. அண்ணாச்சி, பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வந்து விசாரிச்சப்போ உங்க மானம் கப்பலேறிடுச்சா? இன்னொரு கட்சி இருக்கு. "குழந்தைகளைத் தொந்தரவு பண்றவங்கள்ல நிறைய பேர் சொந்தக்காரங்களும் அக்கம்பக்கத்தவங்களும்தான், ஸ்கூலை மட்டும் புடிச்சு என்ன ஆகப்போகுது?" உண்மைதான். வீட்டுக்குள்ள இருக்கிற பாம்பை அடிக்கிறது கஷ்டம்கிறதுக்காக வாசக்கதவையும் திறந்து போடணுமா என்ன?

ஆனா எனக்கே உறுத்துற ஒரு கேள்வி உண்டு. போலீஸ் சான்றிதழ் வாங்கிட்டா ஆச்சா? சான்றிதழ் சொல்றது போலீஸ் ஏட்டில் இருக்கிறதை மட்டும்தான். ஏட்டிலேயே ஏறாததை அது எப்படிச் சொல்லும்? நம்ம ஊர்ப் பள்ளிகள் ஏட்டில் ஏற விடாம பார்த்துக்கிற லட்சணம் தெரிஞ்சதுதானே. ஒரு வாத்தியார் மேல புகார் வரும். பெற்றோரைக் கூப்பிட்டு "பொம்பளைப் பிள்ளை பேரு கெட்டுடும்"னு பேசுவாங்க. வாத்தியார்கிட்ட ராஜினாமா கடுதாசி வாங்குவாங்க. கூடவே ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் அச்சடிச்சுக் கொடுப்பாங்க. மனுஷன் ஜூன் மாசம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே பாடம் எடுத்துக்கிட்டு இருப்பார்.

இங்கிலாந்தில் இது ரத்தத்தில் முடிஞ்சது. 2002 ஆகஸ்டில் சோஹம்ங்கிற ஊரில் ரெண்டு பத்து வயசுப் பெண் குழந்தைகளைக் கொன்னவன் இயன் ஹன்ட்லி, அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் பராமரிப்பு ஊழியன். அதுக்கு முன்னாடி ஹம்பர்சைடு பகுதியில் சிறுமிகள், பெண்கள் சம்பந்தமா அவன் மேல பல புகார்கள். ஒண்ணில்கூட தண்டனை இல்லை. ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்த்துட்டு மூடி வெச்சாங்க, சேர்த்து வெச்சு யாரும் பார்க்கலை. வேலைக்கு நிக்சன்னு வேற பேரில் வந்தான், ஹன்ட்லிங்கிற பேரில் சரியா தேடாம விட்டுட்டாங்க. பழைய தகவலெல்லாம் ஏன் இல்லைன்னு கேட்டதுக்கு ஹம்பர்சைடு போலீஸ் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டினதுதான் உச்சகட்டம். 2004ல் வந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை இதையெல்லாம் கிழிச்சுத் தோரணம் கட்டுச்சு.

அதுக்கப்புறம் அவங்க 2006ல் போட்ட சட்டத்தில் நான் எட்டிப் பிடிக்க நினைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. குழந்தைகளோட வேலை பார்க்கக் கூடாதவங்கன்னு ஒரு தடைப் பட்டியல். குழந்தைக்குத் தீங்கு செஞ்சதுக்காக ஒருத்தரை வேலையிலிருந்து நீக்கினா, அந்த நிறுவனம் பட்டியல் வெச்சிருக்கிற அமைப்புக்குக் கட்டாயம் எழுதணும். நீக்குறதுக்கு முன்னாடி அவரே ராஜினாமா பண்ணிட்டுப் போனாலும் எழுதணும்! ராஜினாமா கடுதாசி அங்கே செல்லாக்காசு. பொய்ப் புகார் வந்தா என்ன பண்றதுன்னு நியாயமா பயப்படுறவங்களுக்கும் வழி இருக்கு. பேரைச் சேர்க்குறதுக்கு முன்னாடி அவர் பக்கத்தைக் கேட்கிறாங்க, மேல்முறையீடும் உண்டு. தன்னார்வலர்களுக்கான சரிபார்ப்புக்கு அரசாங்கக் கட்டணமும் கிடையாது.

நம்ம நாட்டிலும் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கினாங்க. ஆரம்பத்திலேயே 4.4 லட்சம் பதிவுகள். தண்டனை பெற்றவங்க மட்டும்தான் அதில். பார்க்க முடிஞ்சதும் போலீஸ் மாதிரி சட்ட அமலாக்கத் துறைகளால் மட்டும்தான். ஊருக்கே திறந்து விட்டா கல்லெடுத்துக் கிளம்பிடுவாங்க, அதனால அது சரின்னே வெச்சுப்போம். ஆனா புகாரோட ராஜினாமா பண்ணிட்டுப் போன வாத்தியார் எந்தப் பட்டியல்லயும் வர மாட்டார். அவருக்குத் தேவை நீதிமன்றத் தண்டனைக்கு முந்தின கட்டத்தில் ஒரு ஏடு. இங்கிலாந்து மாதிரி ரெண்டு பக்கமும் கேட்டு, மேல்முறையீட்டோட. அதையும் தன்னார்வலரையும் போக்சோவுக்குள்ள கொண்டு வரணும்னுதான் நான் கேட்கிறேன்.

அது வர்ற வரைக்கும் கையில் இருக்கிற சட்டமே கொஞ்சம் கடிக்கும். குழந்தை மேல பாலியல் குற்றம் நடந்தது தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும்னு போக்சோ 19வது பிரிவு சொல்லுது. தனக்குக் கீழ வேலை பார்க்கிறவர் செஞ்சதை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைச்சா, 21வது பிரிவுப்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் சேர்த்து. அந்த ராஜினாமா கடுதாசியை வாங்கி பீரோவில் வெச்சுப் பூட்டின தாளாளர்களே, அதில் தேதி போட்டு நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க.