மாவட்டப் பக்கமும் ஆய்வுச் சான்றும்: ஆம்பூரை முன்வைத்து

நாளிதழ்ச் செய்திகளைச் சான்றாகக் கொள்ளும் தமிழ் ஆய்வேடுகளில் இதழின் பெயரும் நாளும் தரப்படுகின்றன. எவ்வூர்ப் பதிப்பு என்பது பெரும்பாலும் தரப்படுவதில்லை. சிறு குறைபாடு போலத் தோன்றும் இது, தலைநகருக்கு அப்பாற்பட்ட ஊர்களின் வரலாற்றை எழுதுவோர்க்குப் பெருந்தடையாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆம்பூர் அதற்குத் தக்க சான்று.

நம் நாளிதழ்களின் பெயர்களையே முதலில் நோக்கலாம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழாக்கிய ‘சுதேசமித்திரன்’ நாட்டைப் பெயரிற் கொண்டது. ‘தினமணி’ (1934), ‘தினத்தந்தி’ (1942), ‘தினமலர்’ (1951), ‘தினகரன்’ (1977) ஆகியவை நாளைக் கொண்டன. ஊரைக் கொண்டது இவற்றுள் ஒன்றுமில்லை. தினத்தந்தி மதுரையிலும் தினமலர் திருவனந்தபுரத்திலும் தோன்றியவை என்பதைப் பெயர் காட்டாது. ஒரே இதழ் பல நகரங்களில் அச்சாகி, உட்பக்கங்களை மட்டும் மாவட்டந்தோறும் மாற்றிக்கொள்ளும் முறையே இங்கு வேரூன்றியது.

இத்தாலியின் நிலை வேறு. மிலானின் ‘கொரியேரே தெல்லா செரா’ (1876), உரோமின் ‘இல் மெஸ்ஸாஜேரோ’ (1878), நேப்பிள்சின் ‘இல் மத்தீனோ’ (1892) ஆகியவை இன்றும் தத்தம் நகரத்தோடு சேர்த்தே அறியப்படுகின்றன. ‘இல் ஜொர்னாலே தி விச்சென்சா’ நகரின் பெயரையே தாங்கியது. ஆம்பூரைப் போலவே தோல் பதனிடுதலால் பெயர்பெற்ற அர்சிஞ்ஞானோ அந்த விச்சென்சா மாகாணத்தில்தான் உள்ளது. அவ்வூரை ஆராய்பவர் முதலில் எவ்விதழைப் புரட்டுவது என்று தயங்க வேண்டியதில்லை. ஆம்பூரை ஆராய்பவர் தேட வேண்டியதோ ஓர் இதழையன்று, அதன் வேலூர்ப் பதிப்பில் வரும் ஒரு பக்கத்தை.

அப்பக்கத்தில் என்ன கிடைக்கும்? பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு எல்லாப் பதிப்புகளுக்கும் உரிய செய்தி. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனதை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. ஆனால் ஒரு சிற்றூரின் கிணற்று நீர் கரித்தது, அதற்காக மக்கள் மனு அளித்தது, காலணித் தொழிற்சாலைப் பெண்கள் கூலிக்காக வாயிலில் அமர்ந்தது போன்றவை மாவட்டப் பக்கத்தைத் தாண்டுவது அரிது. சென்னைப் பதிப்பை மட்டும் புரட்டுபவர்க்குத் தீர்ப்பு கிடைக்கும். தீர்ப்புக்கு முந்தைய இருபதாண்டுப் புலம்பல் கிடைக்காது. சொல்லாய்வாளர்க்கும் இழப்பு உண்டு. ‘டேனரி’, ‘ஷூ கம்பெனி’, ‘தோல் தொழிற்சாலை’ ஆகியவற்றுள் எது எப்போது அச்சேறியது என்பதை அப்பக்கமன்றி வேறெது காட்டும்?

பதிப்பூர் தெரிந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆம்பூர் முதலில் வட ஆர்க்காட்டில் இருந்தது. அம்மாவட்டம் 1989இல் பிரிந்தது. பின் வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டப் பெயரால் மட்டும் தேடும் ஆய்வாளர் பாதியைத் தவறவிடுவார். ஆம்பூரில் உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. ஆகவே சென்னையில் 1927இல் தொடங்கப்பெற்ற ‘முசல்மான்’ போன்ற உருது நாளிதழ்களையும் விலக்கிவிட்டு இவ்வூரின் வாசிப்பு வரலாற்றை எழுத இயலாது. தமிழ்த் துறைகள் இதை உருதுத் துறையின் வேலையென ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

செய்யக்கூடியது எளிது. மேற்கோளில் இதழ்ப் பெயர், நாள் ஆகியவற்றோடு பதிப்பூரும் பக்க எண்ணும் கட்டாயமாதல் வேண்டும். ஆய்விதழ்கள் இதனை நெறியாக்கலாம். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் நிறுவப்பெற்றது. ஆம்பூரிலும் மசுகருல் உலூம் கல்லூரி உண்டு. இத்தகைய கல்லூரி நூலகங்கள் நாள்தோறும் வாங்கும் இதழ்களுள் மாவட்டப் பக்கங்களை மட்டுமாவது எடைக்குப் போடாமல் மாதவாரியாகக் கட்டடம் செய்து வைக்கலாம். மின்னிதழ் இருக்கிறதே எனலாம். அது நிறுவனத்தின் விருப்பம் உள்ளவரை இருக்கும்.