டிக்கியில் பிள்ளைகளா?

காரின் பின்பெட்டியை நாம் 'டிக்கி' என்கிறோம். ஒரு காலத்தில் அங்கே மனிதர்கள் அமர்ந்து சென்றார்கள் என்பதைப் பலர் அறியார். 1920களின் இரு இருக்கைக் கார்களில் பின்மூடியைத் திறந்தால் அதுவே சாய்மானமாகும். கூரையற்ற அந்த ஆசனத்தின் பெயர்தான் டிக்கி. வெயிலும் மழையும் புழுதியும் அதில் இருப்பவருக்கே!

கல்முனைக்கு அப்பால், வயல்கள் சூழ்ந்த சவளக்கடையில் நண்பர் ஒருவர் தமது மொறிஸ் மைனரின் பின்புறத்தை வெட்டி, பேரப்பிள்ளைகளுக்கு அப்படியோர் ஆசனம் பொருத்தப்போவதாகச் சொன்னார்.

"வெட்டாதீங்க காக்கா" என்றேன்.

பழைமை கெடும் என்பதற்காக மட்டுமல்ல. அக்காலக் கார்களின் பாரத்தைத் தனியான சேசிஸ் தாங்கியது. 1948இல் வந்த மொறிஸ் மைனருக்கோ உடலே சேசிஸ். துணிக்கூரை வைத்த வகையைச் செய்தபோது தொழிற்சாலையே அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டியிருந்தது. நமது கராஜில் வெல்டிங் செய்பவர் அந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பாரா? பின் அச்சுக்கு அப்பால் பாரம் ஏறினால் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் சொல் கேளாது. பின்னால் ஒரு பஸ் மோதினால் முதலில் அடிபடுவது பிள்ளைகளே.

"உள்ளுக்கு நாலு பேருக்கு இடம் இருக்கே, கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்றும் வரும்" என்றேன். நண்பருக்குக் கோபம். ஆயினும் வெல்டிங்காரரை இன்னும் அழைக்கவில்லை.