மின்னும் முகப்பின் பின்னே

2017 ஜூன் 14 அன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணியை நெருங்கும் வேளையில், இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பில் தீப்பிடித்தது. நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில், குளிர்பதனப் பெட்டியில் எழுந்த சிறு தீ அது. கான்கிரீட் சுவர்களுக்கிடையே அந்த ஒரு வீட்டோடு அடங்கியிருக்க வேண்டியது. ஆனால் சன்னல் வழியே வெளியேறி, வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு, அரைமணி நேரத்திற்குள் உச்சி மாடியைத் தொட்டது. 72 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நகராட்சியின் வாடகை வீடுகளில் வாழ்ந்த உழைக்கும் மக்கள்; பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

அந்தப் பலகைகள் பழைய கட்டடத்தின் பகுதியல்ல. 2016-இல் நிறைவுற்ற புதுப்பிப்புப் பணியில் மேலே போர்த்தப்பட்டவை. குளிரைத் தடுப்பதும், பழைய கட்டடத்துக்குப் புதுத் தோற்றம் தருவதும் அதன் நோக்கங்கள். நம் ஊர்க் கட்டுமானத் தொழிலாளர்கள் ‘ஏசிபி ஷீட்’ என்றழைக்கும் பலகையே அது. அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகள் இரண்டு. இடையே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக். சுவரில் சட்டங்களை அடித்து, அவற்றின்மேல் பலகைகளைப் பொருத்துவார்கள். பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று புக ஓர் இடைவெளி இருக்கும். தீப்பிடித்தால் அந்த இடைவெளியே புகைபோக்கியாகிறது. பிளாஸ்டிக் உருகி ஒழுகி எரிகிறது. எரியாத கனிம உட்பொருள் கொண்ட பலகைகளும் சந்தையில் உண்டு; விலைதான் கூடுதல். கிரென்ஃபெல் கோபுரத்துக்கு முதலில் எண்ணப்பட்டது துத்தநாகப் பலகை. அதைக் கைவிட்டு மலிவான பலகைக்கு மாறியதில் மிச்சமான தொகை ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம் பவுண்டு. இத்தனைக்கும் பிரிட்டனின் மிகச் செல்வவளம் கொண்ட நகராட்சிகளுள் ஒன்றின் கட்டடம் அது.

2024 செப்டம்பர் 4 அன்று வெளியான பொது விசாரணையின் இறுதி அறிக்கை, மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவையே என்று தீர்மானமாகக் கூறியது. பலகையைச் செய்த ஆர்கோனிக் நிறுவனம், பெட்டிபோல் மடித்துப் பொருத்தினால் அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2005 முதலே சந்தைக்குத் தெரியாமல் மறைத்தது. கோபுரத்தில் பொருத்தப்பட்டதும் அதே வடிவம்தான். வெப்பக்காப்பு நுரை விற்ற நிறுவனங்களும் சோதனை முடிவுகளைத் திரித்தன. அரசும் அறியாமல் இல்லை. 2001-இல் அரசுக்காக நடத்தப்பட்ட சோதனையிலேயே இவ்வகைப் பலகை மூர்க்கமாக எரிந்தது. அம்முடிவு வெளியிடப்படவில்லை, விதியும் இறுக்கப்படவில்லை. 2009-இல் இலண்டனின் லாக்கனல் ஹவுஸ் தீயில் ஆறு பேர் மாண்ட பின்னரும் கண் திறக்கவில்லை. கட்டட ஆராய்ச்சி நிலையம் 1997-லேயே தனியார்மயமாக்கப்பட்டிருந்தது. அதன்பின் பரிசோதிப்பவரின் வருமானம், பரிசோதனைக்கு வருபவரின் கட்டணத்தைச் சார்ந்ததாயிற்று. ‘விதிகளைக் குறைப்போம்’ என்ற ஆட்சியாளரின் முழக்கம், உயிர்ப் பாதுகாப்பைக்கூடப் பின்னுக்குத் தள்ளியது என்பதும் அவ்வறிக்கையின் முடிவே.

தங்கள் குடியிருப்பு பேரழிவுக்குக் காத்திருக்கிறது என்று குடியிருப்போர் முன்கூட்டியே எழுதி எச்சரித்திருந்தனர். கேட்பாரில்லை. விசாரணை அறிக்கை வெளிவந்த நாளில், தீ நிகழ்ந்து ஏழாண்டுகள் கடந்திருந்தன. பலகை விற்றவர், பொருத்தியவர், அனுமதித்தவர் எவர்மீதும் குற்ற வழக்குத் தொடரப்பட்டிருக்கவில்லை. 1845-இல் ஏங்கல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலையை ஆராய்ந்தபோது கையாண்ட ‘சமூகக் கொலை’ என்னும் சொல், அந்நாட்டிலேயே மீண்டும் ஒலித்தது வியப்பன்று.

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நகரங்களிலும் மருத்துவமனை, வணிக வளாகம், பணிக்கூடம் அனைத்தும் பலகையாலும் கண்ணாடியாலும் போர்த்தப்பட்டு நிற்கின்றன. இங்கே தீயைவிடப் புகையே கூடுதலாகக் கொல்கிறது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில், வாகன நிறுத்தத்துக்குரிய அடித்தளத்தில் குவித்திருந்த பொருட்களில் தீ மூண்டது. புகை மேல்மாடிகளில் நிறைந்தது. அடைத்துக் கட்டிய கண்ணாடி முகப்பு அதை வெளியேற விடவில்லை. 90 பேர் அளவில் மாண்டனர். பெரும்பாலோர் படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளிகள். நோயாளிகளைக் காக்க மீண்டும் உள்ளே சென்ற கேரளச் செவிலியர் இருவரும் திரும்பவில்லை. முதலில் ஓடிவந்தவர்கள் அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்களே. 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில், ஒற்றைப் படிக்கட்டும் கண்ணாடி முகப்பும் கொண்ட வணிகக் கட்டடத்தில் 27 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண் தொழிலாளர்கள். தப்பியவர்கள் கண்ணாடியை உடைத்தே மூச்சு வாங்கினர்.

நம் நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீப் பாதுகாப்புக்கெனத் தனிப்பகுதியே உண்டு. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. மாநிலமும் உள்ளாட்சியும் தம் விதிகளில் ஏற்றால்தான் கட்டாயமாகும். இதற்கிடையே ‘தொழில் நடத்துவதை எளிதாக்குதல்’ என்ற பெயரில், முதலாளி தாமே சான்றளிக்கும் முறை விரிவாக்கப்படுகிறது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் வசதியாளர்’ ஆக்கியிருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு 10 தொழிலாளரிலிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. பிரிட்டன் எந்தப் பாதையில் சென்று 72 உயிர்களைப் பறிகொடுத்ததோ, அதே பாதையை ஒன்றிய அரசு ‘சீர்திருத்தம்’ என்கிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் தீப் பாதுகாப்புப் பகுதி நாடெங்கும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். உயர்ந்த கட்டடங்களிலும், மருத்துவமனை, விடுதி, பணிக்கூடங்களிலும் எரியக்கூடிய பலகைகள் தடைசெய்யப்பட வேண்டும். ஏற்கெனவே பொருத்தியவை கணக்கெடுக்கப்பட்டு உரிமையாளர் செலவில் அகற்றப்பட வேண்டும். அச்செலவு வாடகைக்காரர் தலையில் விழலாகாது. பொருட்களின் தீச்சோதனை அரசு ஆய்வகங்களில் நடந்து, முடிவுகள் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். தீயணைப்புத் துறையின் காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

இவை மனுக்களால் மட்டும் கிட்டப்போவதில்லை. பொருத்திய பின், எரியும் பலகையும் எரியாப் பலகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. வேறுபாட்டை அறிந்தவர், சாரத்தில் தொங்கியபடி அதை அறுத்துப் பொருத்தும் தொழிலாளி. அறுத்த விளிம்பில் உட்பொருளைக் காண்பவர் அவரே. ஆனால் எதைப் பொருத்துவது என்று முடிவெடுக்கும் உரிமையும், ஆபத்தானதை மறுக்கும் பாதுகாப்பும் அவருக்கில்லை. கட்டுமானத் தொழிற்சங்கத் தோழர்கள் அந்த உரிமையைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களிலும் மருத்துவமனை ஊழியர் சங்கங்களிலும் பணியாற்றும் தோழர்கள், தத்தம் கட்டடத்தின் முகப்பில் இருப்பது என்ன, அதற்குச் சான்றளித்தவர் யார், புகை வெளியேற வழி எது என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும். கிரென்ஃபெல் மக்கள் தீக்கு முன்பே கேட்டனர். தனித்து நின்றதால் புறக்கணிக்கப்பட்டனர். இங்கே அக்கேள்வியை அமைப்பாகத் திரண்டு கேட்பது கட்சியின் கடமை.