ஈயக்குட்டைகளில் எந்த மீனை விடுவது? தூண்டிற்காரர் சங்கத்தின் நிலைப்பாடு

சுங்கை வே வட்டாரத்திலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ள பழைய ஈயக்குட்டைகளில், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரின் பொருட்டு மீன் விடலாமா, விடுவதாயின் எந்த மீனை விடுவது என்ற கேள்வி தூண்டிற்காரர்களை இரு பிரிவாக நிறுத்தியிருக்கிறது. சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: ஆற்றோடு நேராகவோ, சாக்கடை, வடிகால் வழியாகவோ, வெள்ளக் காலத்தில் மட்டுமோ தொடர்பு கொள்ளக்கூடிய எந்தக் குட்டையிலும் ராஜா மீன் உள்ளிட்ட அயல்நாட்டு வேட்டை மீன்களை இனி விடக் கூடாது, விடப்படுவது இம்மண்ணின் மீனாக இருக்க வேண்டும், மீனை விடுவதற்கு முன், அது வாழ்ந்து முட்டையிடக்கூடிய வகையில் கரையும் நீரும் சீர்செய்யப்பட வேண்டும்.

ஈயக்குட்டை என்று மக்கள் வழக்கில் வழங்குவது, வெள்ளீயம் தோண்டி எடுத்த பின் கைவிடப்பட்ட பள்ளத்தில் மழைநீரும் நிலத்தடி நீரும் நிறைந்து உருவான நீர்நிலையாகும். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய குட்டைகள் 4,000க்கும் மேற்பட்டவை என்றும் அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 16,000 ஹெக்டேர் என்றும் கணக்கிடப்பட்டிருக்கிறது. சுங்கை வேயின் அண்டையில் இன்று பண்டார் சன்வே என அறியப்படும் நகரமும், 1993இல் திறக்கப்பட்ட அதன் நீர் விளையாட்டுப் பூங்காவும் ஈயம் எடுத்த நிலத்தின் மேல் எழுந்தவையே; கிளானா ஜெயா ஏரிப் பூங்காவின் நீர்ப்பரப்பும் அதே வரலாறு உடையது. இயற்கை ஏரிக்கும் இக்குட்டைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் மீன் விடுவதைப் பற்றிப் பேசுவது பயனற்றது. இயற்கை ஏரியின் ஓரம் மெல்லச் சரிந்து இறங்குவதால் அங்கே ஆழமற்ற நீரும் கோரையும் நீர்ப்பூண்டும் உண்டு. ஈயக்குட்டையின் கரையோ செங்குத்தாக இறங்குகிறது, அடியில் சத்தற்ற மணல் படிந்திருக்கிறது, நீர் பல இடங்களில் தெளிவாகவும் ஆழமாகவும் இருக்கிறது. செப்பாட், பூயு, விரால் போன்ற உள்நாட்டு மீன்கள் பூண்டடர்ந்த ஓரத்தை நம்பி முட்டையிடுபவை ஆதலால், ஓரமே இல்லாத குட்டையில் அவற்றின் இனம் தழைப்பதில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் ராஜா மீன் வந்து அமர்ந்தது. மலாயில் இக்கான் ராஜா எனப்படும் இம்மீன், தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ வடிநிலங்களுக்கு உரிய சிக்லா இனத்தைச் சேர்ந்தது. 1990களிலிருந்து இந்நாட்டுக் குட்டைகளில் அது பரவியதில் தூண்டில் விளையாட்டின் மீதான ஆசைக்குப் பெரும் பங்கு உண்டு. அது பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் தெளிந்த நீர் அதற்கு மிக உகந்ததாகிறது. தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காப்பதால் குஞ்சுகள் பெருமளவு தப்பிப் பிழைக்கின்றன. வெப்ப நாடானதால் ஆண்டில் பலமுறை இனம் பெருக்குகிறது.

அதை ஆதரிப்போரின் வாதங்களைச் சங்கம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அவற்றைச் சொல்பவர்களில் பலர் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். மரத்தாலோ நெகிழியாலோ செய்த பொய்யிரையை ராஜா மீன் ஆவேசத்துடன் கௌவும். தூண்டில் நரம்பை அது இழுக்கும் விசை பிடிப்பவருக்குப் பேரின்பம் தரும். அதன் சதை சுவையானது, முள் குறைவு, வீட்டுச் சமையலுக்கு உதவும். வேறெதற்கும் பயன்படாத குட்டைக்கு ஆட்களை வரவழைப்பதால் அருகிலுள்ள கடைகளுக்கும் வருமானம் கிடைக்கும். குட்டைகளில் அளவின்றிப் பெருகிய திலாப்பியாவை அது தின்று கட்டுப்படுத்துகிறது என்பது இன்னொரு வாதம். இவை அனைத்தும் உண்மையே. ஆயினும் திலாப்பியாக் குஞ்சைத் தின்னும் வாய் செப்பாட், லம்பாம் போன்ற உள்நாட்டு மீன்களை விலக்கி வைப்பதில்லை.

பனாமாவின் காத்தூன் ஏரியில் நடந்தது இவ்விவாதத்தில் ஈடுபடும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி. 1967ஆம் ஆண்டளவில் குளம் ஒன்றில் வளர்க்கப்பட்ட இதே சிக்லா மீன் தப்பி அந்த ஏரியின் நீரமைப்புக்குள் புகுந்தது. தாமஸ் ஸாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு சூழலியலாளர்கள் 1973இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு அங்கே சாதாரணமாகக் காணப்பட்ட எட்டு மீன் இனங்களில் ஆறு, அது பரவிய பகுதிகளிலிருந்து மறைந்துபோயின. கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்கள் குறைந்ததையும், சிறு மீனை நம்பி வாழ்ந்த நீர்ப்பறவைகள் குறைந்ததையும் அவர்கள் சேர்த்தே சுட்டினர். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே ஏரியை ஆராய்ந்தபோதும் உள்நாட்டு மீன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. விட்ட மீனைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தூண்டிலுக்காக மீன் விட்டுப் பெரும் வெற்றி கண்ட இடமாக எல்லோரும் காட்டுவது வட அமெரிக்கப் பேரேரிகளைத்தான். கடலிலிருந்து புகுந்த ஒட்டுண்ணியான லாம்ப்ரேயாலும் மிகைப்பிடிப்பாலும் அங்கே உள்நாட்டு ஏரி டிரவுட் அழிந்துவர, ஏல்வைஃப் எனும் சிறு அயல் மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. அதைத் தின்னவும் தூண்டிற்காரர்களை ஈர்க்கவும் மிச்சிகன் மாநிலம் 1966இல் பசிபிக் கடலுக்குரிய கோஹோ சால்மனையும் அடுத்த ஆண்டு சினூக் சால்மனையும் விட்டது. படகும் விடுதியும் வணிகமும் பெருகின. ஆனால் 2000களின் தொடக்கத்தில் ஹியூரான் ஏரியில் ஏல்வைஃப் சரிந்தபோது அதை நம்பிய சால்மன் பிடிப்பும் உடன் சரிந்தது. ஏல்வைஃப் குறைந்த பின்னரே உள்நாட்டு ஏரி டிரவுட் அங்கே பரவலாகத் தானாக இனம் பெருக்கத் தொடங்கியது. இன்றும் அங்கே சால்மனை ஆண்டுதோறும் எவ்வளவு விடுவது, டிரவுட்டை மீட்பதற்கு எவ்வளவு இடம் தருவது என்ற வழக்கு தீரவில்லை. ஓர் அயல் மீனை இன்னோர் அயல் மீனால் அடக்கும் ஏற்பாடு, பொரிப்பகத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் என்றென்றைக்கும் சார்ந்து நிற்கும் ஏற்பாடு என்பதே அங்கிருந்து பெறத்தக்க பாடம்.

குட்டை மூடியது, அதற்குள் எதை விட்டால் என்ன என்ற வாதத்துக்கு 2021 டிசம்பர் வெள்ளமே மறுமொழி. அம்மாத நடுவில் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் கூரை உயரத்துக்கு நீரில் நின்றன. சாலையும் வீடும் குட்டையும் ஆறும் ஒரே நீர்ப்பரப்பாகும் நாளில் மூடிய குட்டை என்று ஒன்று இருப்பதில்லை. சுங்கை வே ஆறு பெஞ்சாலா ஆற்றில் சேர்ந்து கிள்ளான் ஆற்றுக்குப் போகிறது. சுங்கை வே ஆற்றைச் சீர்செய்யும் பணி 2007இல் தொடங்கி, அதன் நீர் மிக மோசமான ஐந்தாம் வகுப்பிலிருந்து, தாங்குதிறன் உள்ள மீன்கள் வாழத்தக்க மூன்றாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. பலர் உழைத்துத் துப்புரவாக்கிய ஆற்றுக்கு மேலே அமேசானின் வேட்டை மீனை வளர்த்து வைப்பதைச் சங்கம் ஏற்க முடியாது.

விளையாட்டுக்கு ஈடான மீன் இந்த மண்ணில் இல்லையா என்று கேட்பவர்களுக்குத் தோமானைக் காட்டலாம். விராலின் பெரிய உறவான இம்மீன் பொய்யிரையைத் தாக்கும் வேகத்தில் ராஜா மீனுக்குச் சிறிதும் குறைந்ததன்று; திலாப்பியாவையும் தின்னும். அதன் செந்நிறக் குஞ்சுகள் மூச்செடுக்கத் திரளாக நீர்மட்டத்துக்கு வரும்போது, கீழே காவல் நிற்கும் தாய் தந்தையரைக் குறிவைத்துத் தூண்டில் வீசும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. காவல் போனால் குஞ்சுத் திரள் முழுதும் பிற மீன்களுக்கு இரையாகும் என்பதால், குஞ்சோடு இருக்கும் தோமானைப் பிடிப்பதில்லை என்பதைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கட்டாய விதியாக்குகிறது. பாவுங் எனும் கெளுத்தி வகையும், செபாராவ் எனும் வேட்டைக் கெண்டையும் அடுத்த நிலையில் பொருத்தமானவை. ஆயினும் செபாராவ் முட்டையிட ஓடும் நீரை நாடுவதால் தேங்கிய குட்டையில் அதை ஒருமுறை விட்டுப் பெருகும் என எதிர்பார்ப்பது தவறு.

கெலாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது மலையாறுகளின் தெளிந்த, உயிர்க்காற்று மிகுந்த ஓட்டநீரில் வாழும் மீன். அதன் பெயருக்குள்ள மதிப்பைக் கருதி வெதுவெதுப்பான ஈயக்குட்டையில் குஞ்சுகளை விட்டுப் படம் எடுத்துக்கொள்வது மீட்பு ஆகாது. கெலாவை மீட்கும் வழியைத் திரெங்கானுவில் கென்யிர் ஏரியோடு சேரும் பெத்தாங் ஆற்றுக் காப்பகமும், ஊர் மக்களே ஆற்றின் மடுக்களைக் குறித்த காலத்துக்கு மூடிவைக்கும் சபா மாநிலத்துத் தாகால் முறையும் காட்டுகின்றன. இரண்டிலும் முதன்மை பெறுவது இடத்தைக் காப்பதே.

இந்நிலைப்பாடு நடைமுறைக்கு வர அரசின் துணை வேண்டும். உயிர்மீன் இறக்குமதிக்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 40ஆம் பிரிவு உரிமம் கோருகிறது. உள்நாட்டுக்குரியதல்லாத மீன் இயற்கை நீரில் விடப்படுவதைத் தடுக்கும் நிபந்தனைகளை அந்த உரிமத்தில் சேர்க்கவும் அது இடம் தருகிறது. ஆற்று மீன்பிடியோ கூட்டரசு அரசியலமைப்பின்படி மாநிலத்தின் பட்டியலில் உள்ளது. எனவே சிலாங்கூர் மாநில அரசும் மீன்வளத் துறையும் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றமும் சேர்ந்து, எந்தக் குட்டையின் நீர் எந்த வடிகாலுக்குப் போகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்றும், மீன் விடும் ஒவ்வொரு நிகழ்வும், அது கோயில் வேண்டுதலுக்கானதாயினும் அரசு விழாவாயினும், முன் அனுமதிக்கு உட்பட வேண்டும் என்றும், குட்டையோரங்களில் ஆழமற்ற சரிவும் கோரைப் படுகையும் அமைக்கப்பட வேண்டும் என்றும் சங்கம் கேட்கிறது. பழைய ஈயநிலங்களில் ஆர்செனிக், காரீயம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும் ஆதலால், பிடித்த மீனைச் சமைத்துண்ணும் குடும்பங்களின் பொருட்டு மீன் சதையைச் சோதித்து முடிவுகளைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் கரையில் ஒட்டி வைக்கவும் வேண்டும். கட்டணத் தூண்டில் குளங்களைச் சங்கம் எதிர்க்கவில்லை. வெள்ளம் எட்டாத மேட்டில், வெளியேறும் நீருக்கு வலைத்தடுப்போடு நடத்தப்படும் குளத்தில் அயல் மீன் இருப்பதால் ஆற்றுக்குக் கேடில்லை.

ஏற்கெனவே குடியேறிவிட்ட ராஜா மீனை ஒரே நாளில் அகற்ற யாராலும் இயலாது. ஆகவே பிடிபட்ட ராஜா மீனை நீரில் திரும்ப விடாமல் வீட்டுக்கு எடுத்துச்செல்லுமாறும், எக்காரணத்தாலும் அதை உயிரோடு வாளியில் வைத்து அடுத்த குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும், கிள்ளான் பள்ளத்தாக்கில் தூண்டில் எடுக்கும் ஒவ்வொருவரையும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.